பிறர் கையில் மலர்ந்த வெற்றி

ஆட்டக்காரரின் வெற்றி அவர் கையில் இருக்கிறது. பயிற்சியாளரின் வெற்றியோ பிறர் கையில் இருக்கிறது. தாம் சூடிய வாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறருக்கு வாகை சூட்டும் பணியை மேற்கொள்வது எளிதன்று. அதனைச் செய்து காட்டியவர் சீன நாட்டு மேசைப்பந்து வீரர் ரோங் குவோதுவான்.

அவர் 1937-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். 1957-இல் சீனாவின் குவாங்சோ நகரில் குடியேறினார். மூன்றாண்டுகளுக்குள் உலகப் பட்டத்தை வெல்வேன் என்று மறு ஆண்டே சூளுரைத்தார். சொன்ன சொல் பொய்க்கவில்லை. 1959-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், முன்னாள் உலக வெற்றியாளரான ஹங்கேரியின் சீடோவை 3-1 என வென்றார். விளையாட்டுத் துறையில் மக்கள் சீனம் பெற்ற முதல் உலகப் பட்டம் அதுவே.

ஆயினும், அவரைச் செம்மைப்படுத்தியது வெற்றி மட்டுமன்று. 1961-இல் பெய்ஜிங்கில் ஜப்பானுக்கு எதிரான ஆடவர் குழு இறுதிப் போட்டியில் அவர் இரண்டு ஆட்டங்களில் தோற்றார். சீனா 4-3 என முன்னணியில் இருந்தபோது மீண்டும் மேசையருகே சென்றவர், ஹோஷினோவை வென்று நாட்டுக்குக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். தோல்விக்குப் பின்னும் நிமிர்ந்து நிற்கக் கற்றவரே பிறரை நிமிர்த்த வல்லவர் அல்லரோ!

பின்னர் அவர் மகளிர் குழுவின் பயிற்சியாளரானார். மகளிர் குழுப் பட்டத்தை 1957 முதல் தொடர்ந்து நான்கு முறை ஜப்பானே வென்றிருந்தது. 1965-இல் லுப்லியானாவில் அந்த ஜப்பானையே இறுதியில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. விரைந்து தாக்கும் ஆட்டக்காரர்கள் அணியில் இருந்தும், பந்தை வெட்டித் திருப்பும் தற்காப்பு வீராங்கனைகளான லின் ஹுய்ச்சிங், ஜெங் மின்ஜி ஆகிய இருவரையும் அவர் களமிறக்கினார். சீனா 3-0 என வென்றது. யாரை, எப்போது, யாருக்கு எதிரே நிறுத்துவது என்று அறிவதும் ஆட்டமே. மாணவரின் இயல்பறிந்து நம்பும் நல்லாசிரியரின் கலையும் இதுவன்றோ!

காலம் அவரிடம் இரக்கம் காட்டவில்லை. பண்பாட்டுப் புரட்சி மூண்டபோது, ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள் ஒற்றர்கள் என ஐயுறப்பட்டு இழிவுக்கு உள்ளாயினர். 1968-இல் பயிற்சியாளர் ஃபூ சீஃபாங், ஜியாங் யோங்னிங் ஆகியோரைத் தொடர்ந்து, ஜூன் மாதத்தில் ரோங்கும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. பத்தாண்டுகளுக்குப் பின், 1978-இல், அவர்மீது சுமத்தப்பட்ட பழி நீக்கப்பட்டது.

ஆனால், அரசு அவர் பெயரைத் துலக்குமுன்னரே அவருடைய மாணவியர் அதனைத் துலக்கிவிட்டனர். 1971-இல் ஜப்பானின் நகோயாவில் லின் ஹுய்ச்சிங் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஜெங் மின்ஜியுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அவ்வெற்றிகளைக் காண ஆசான் இல்லை. எனினும், அவர் கற்பித்தது அவர்களுடைய மட்டைகளில் வாழ்ந்துகொண்டிருந்தது.