குன்னத்தூரிலிருந்து விசயமங்கலம்

திருப்பூருக்கு வடகிழக்கே, கோபிசெட்டிபாளையம் செல்லும் வழியும் பெருந்துறை செல்லும் வழியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் குன்னத்தூர். முன்னர் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைந்தது. கிளுவை வேலி சூழ்ந்த தோட்டங்களும், நிலக்கடலைக் காடுகளும், எருமை கட்டிய பட்டிகளும் இன்றும் ஊர்ப்புறத்தில் உண்டு. வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி தெற்கே அருகில்தான் இருக்கிறது. எனினும், வைகறையில் குன்னத்தூர்ச் சாலையில் நிற்போருக்கு இது வேறோர் உலகமாகத் தோன்றும். பனியன் கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விரைகின்றன. அவற்றில் ஏறுவோரில் உள்ளூரார் ஒரு பகுதியினரே. திண்டுக்கல், தேனி, இராமநாதபுரம் எனத் தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போர் பலர்.

இத்தகைய இளைஞர் சிலரையும் பங்குக் குடும்பங்கள் சிலவற்றையும் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் விசயமங்கலம் சென்று வந்தோம். குன்னத்தூருக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவில், கோவை-சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பழைமையான ஊர் அது. நெடுஞ்சாலையில் நாள்தோறும் அவ்வழியே பறப்போருள் எத்தனைபேர் அவ்வூரின் சிறப்பை அறிவர்? அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுக்கப்பட்ட சமணக் கோயில் ஒன்று உண்டு. ஊரார் அதனை நெட்டைக் கோபுரம் என்பர். சிரவணபெளகுளத்தில் பெருஞ்சிலையை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை என்பார், இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. நம் சமயத்தவர் எழுப்பிய கோயில் அன்று அது. ஆயினும், மெய்ப்பொருளைத் தேடிய மாந்தர் நடந்த மண்ணில் பணிவுடன் நிற்பது கிறிஸ்தவனுக்கு அழகே.

அவ்வூருக்கு நாம் சென்றது கோயிலைக் காண மட்டுமன்று. பெருங்கதை என்னும் காப்பியத்தை இயற்றிய கொங்குவேளிர் வாழ்ந்த ஊர் விசயமங்கலம் என்பது கொங்கு நாட்டு மரபு. உதயணன் என்னும் மன்னனின் வரலாற்றைக் கூறும் அந்நூலின் ஏட்டுச் சுவடியைத் தேடி எடுத்து, 1924ஆம் ஆண்டில் அச்சிட்டு வழங்கியவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். நூலின் முற்பகுதியும் இறுதிப்பகுதியும் கிடைத்தில. எஞ்சியதே பெருநூலாக விளங்குகிறது. இதனை முடிக்க ஆசிரியருக்கு மூன்று பிறவிகள் வேண்டியிருந்தன என்று ஒரு பழங்கதை உண்டு. மறுபிறவியில் நமக்கு நம்பிக்கை இல்லை. எனினும், நல்ல நூல் ஒன்றை எழுதி முடிப்பது எத்துணைப் பெரும்பாடு என்பதை அக்கதை நன்கு உணர்த்துகிறது.

கொங்குவேளிர் தனித்திருந்து எழுதியவர் அல்லர். புலவர் பலரைக் கூட்டித் தம்மூரில் தமிழ்ச்சங்கம் ஒன்றை நடத்தினார் என்று மரபு கூறும். ஒருவர் பாட மற்றவர் கேட்டு, குறை கண்ட இடத்தில் திருத்தி, நிறை கண்ட இடத்தில் போற்றி வளர்ந்த கூட்டம் அது. அவ்வீட்டுப் பணிப்பெண்ணே வெளியூர்ப் புலவரின் ஐயங்களுக்கு விடையளித்து அவர்களை வியக்க வைத்தாள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அடுப்படியில் நின்றவளும் அவையின் தமிழைச் செவியில் வாங்கியிருந்தாள் என்பதை நம் இல்லத்தரசியர் மகிழ்ச்சியுடன் கேட்டனர். மேலும், நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊராகிய சனகாபுரம், பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்றும் கொங்கு நாட்டார் கொள்வர். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த இலக்கணத்தின் ஊற்று, நம் பங்கின் எல்லையிலேயே இருந்திருக்கிறது போலும்!

மண்டப நிழலில் கட்டுச்சோறு உண்டபின், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, இதெல்லாம் பெரிய ஆளுக விசயம். ஒன்றரை ஷிப்டு முடிச்சு ரூமுக்கு வர்றவனுக்கு எழுத்து எதுக்கு? தூக்கம்தானே வேணும்?" உடன் வந்தோர் சிரித்தனர். கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. பன்னிரண்டு மணி நேரம் பொறியின் முன் குனிந்திருப்பவனுக்கு உறக்கமே முதல் தேவை என்பதை மறுப்போர் யார்? ஆயினும், உறங்கி எழுந்த உடலுக்குள் உள்ளம் சோர்ந்து கிடக்குமாயின், அதற்கு மருந்து யாது? அவருக்கு நாம் கடல் கடந்த ஒரு வரலாற்றைக் கூறினோம்.

அமெரிக்கக் கண்டங்களின் நடுவே கரீபியன் கடலில் தீவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான டிரினிடாடுக்கு, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக 1845 முதல் 1917 வரை நம் நாட்டவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அத்தீவில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் செல்வோன். அவருடைய தந்தை சென்னையிலிருந்து குடியேறிய கிறிஸ்தவர். செல்வோன் 1950இல் பிழைப்பைத் தேடி இலண்டனுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் பார்படோஸ் தீவினரான ஜார்ஜ் லாமிங் என்னும் மற்றோர் எழுத்தாளரும் இருந்தார். இருவருக்கும் இடையே இருந்தது ஒரே தட்டச்சுப்பொறி. அதனை மாறிமாறிப் பயன்படுத்திக்கொண்டே பயணம் செய்தனர். இலண்டன் சேர்ந்த செல்வோன், இந்தியத் தூதரகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, ஓய்வு நேரத்தில் எழுதினார். அவருடைய முதல் நாவலாகிய 'ஏ பிரைட்டர் சன்' 1952இல் வெளிவந்தது. அதன் நாயகன் டைகர் என்னும் இந்திய வமிசத்து ஏழை இளைஞன். எழுதப்படிக்கக் கற்றுக்கொள்வது அவன் வாழ்வின் பெருமுயற்சிகளுள் ஒன்று!

இத்தகையோரைத் தாங்கியது எது? பி.பி.சி. வானொலி, 1943 முதல் 1958 வரை 'கரீபியன் குரல்கள்' என்னும் நிகழ்ச்சியை நடத்தியது. அதனைத் தொடங்கியவர் ஜமைக்காவின் பெண் கவிஞர் ஊனா மார்சன். பின்னர் 1946 முதல் அயர்லாந்துக்காரரான ஹென்றி சுவான்சி அதன் ஆசிரியராக விளங்கினார். தீவுகளிலிருந்து வந்த கதைகளும் கவிதைகளும் இலண்டனில் வாசிக்கப்பட்டு, கடல் தாண்டித் தீவினரின் செவிகளைச் சென்றடைந்தன. படைப்பின் நிறைகுறைகளும் எடுத்துரைக்கப்பட்டன. எழுதியவருக்குச் சிறு ஊதியமும் கிடைத்தது. அந்நிகழ்ச்சியில் குரல் ஒலித்த டெரக் வால்காட் 1992இலும், அதன் ஆசிரியராகப் பின்னர் பணியாற்றிய வி.எஸ். நைப்பால் 2001இலும் நோபல் பரிசு பெற்றனர். பரிசைவிட நம்மைக் கவர்வது வேறொன்று. ஒரு தீவில் எழுதுபவன், அடுத்த தீவிலும் தன்னைப்போல் ஒருவன் இருக்கிறான் என்று அதனால் அறிந்துகொண்டான்.

செல்வோன் 1956இல் எழுதிய 'தி லோன்லி லண்டனர்ஸ்' என்னும் நாவலில் ஒரு காட்சி வருகிறது. குளிரிலும் வேலையின்மையிலும் வாடும் தீவு இளைஞர்கள், ஞாயிறு காலையில் மோசஸ் என்பவரின் சிறிய அறையில் கூடுவர். ஊர்க்கதை பேசுவர், ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்பர். ஆலயத்திற்கு வருவோர்போல அவர்கள் அங்கு வந்து சேர்வதாக ஆசிரியர் காட்டுகிறார். இதைக் கேட்டவுடன் நம் ஓவர்லாக் இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ரூமும் ஞாயித்துக்கிழமை அப்படித்தான் சாமி" என்றார்.

கொங்கு மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலைத் தந்தபோது, காட்டிலும் களத்திலும் நம் மக்கள் பேசும் பேச்சே இலக்கியமாயிற்று. திருப்பூரைச் சேர்ந்த சுப்ரபாரதிமணியன், 'சாயத்திரை' என்னும் நாவலில் சாயநீரால் நொய்யலும் மக்களும் உற்ற அவலத்தை எழுதினார். அவர் 'கனவு' என்னும் சிற்றிதழைத் தொடங்கி நடத்திப் பிற எழுத்தாளருக்கும் இடமளித்தவர். பணம் மட்டுமே பேசும் ஊர் என்று பிறர் கருதும் நகரிலிருந்து இக்குரல் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அன்பர்களே, நம் திருச்சபைக்கு இது புதிய பாடமா? புனித சின்னப்பர் கூடாரத் தொழில் செய்தவர். கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் இல்லத்தில் தங்கி, அவர்களோடு அத்தொழிலில் ஈடுபட்டார் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. கையுழைப்பாளியான அவரே, தொலைவிலிருந்த சபைகளுக்குக் கடிதம் எழுதித் தேற்றினார். தெசலோனிக்க மக்களுக்கு, ஒருவர் மற்றவரை ஊக்குவிக்கும் கடமையை நினைவூட்டினார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் தெர்சியு. திருமுகத்தின் இறுதியில் அவ்வெழுத்தரும் தம் பெயர் சொல்லி ஒரு வாழ்த்தைச் சேர்க்கிறார். பிறருக்காக எழுதிய கைக்கும் விவிலியத்தில் இடமுண்டு!

ஆகவே, நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உள. வாடகைக்கு அறை விட்டிருப்போர், மாதம் பிறந்ததும் வாடகையைக் கேட்பதோடு நில்லாமல், ஊரில் தாய் நலமா என்றும் கேட்கலாம். வேற்றுமொழி பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பிக்க, நம் இளையோர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். விடுதியில் தங்கி வேலை செய்யும் மகளுக்கு, தந்தையர் தொலைபேசியில் பணச்செய்தி பேசுவதோடு அமையாமல், மாதம் ஒரு கடிதம் எழுதலாம். தொலைபேசிப் பேச்சு அந்நேரத்தோடு முடிந்துவிடும். கடிதமோ தலையணைக்கு அடியில் இருந்து, சோர்ந்த இரவில் மீண்டும் பேசும். எழுத விரும்பும் தொழிலாளி எவரேனும் இருப்பின், அவர் எழுதியதைக் கேட்க ஒரு செவி நம் பங்கில் இருத்தல் வேண்டும்.

அத்தகைய செவியாக, குன்னத்தூரில் ஞாயிறு மாலை கூட்டம் ஒன்று இப்போது நடைபெற்று வருகிறது. வருவோர் பத்துப் பேருக்கு மிகார். வாரத்தில் கண்டதையும் பட்டதையும் ஒரு பக்கத்தில் எழுதி வாசிக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்கிறார். அந்த ஓவர்லாக் இளைஞரும் வருகிறார். சில வாரங்களில் உறங்கியும் விடுகிறார். அவரை யாரும் எழுப்புவதில்லை. விழித்திருக்கும் வாரங்களில், தன் அறையில் உடன் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞனின் கதையை எழுதிவருகிறார்.