கிரவல் வீதிக்கு ஒரு ஸ்கூட்டி

"அக்கா, எந்த ஸ்கூட்டி நல்லது?" கிராமங்களுக்குப் போகும் நேரங்களில் இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முன்னர் வீட்டுத்திட்டம், காணி உறுதி, காணாமல் போனோர் பற்றிய விண்ணப்பம் என்றுதான் கேட்டார்கள். அவை ஒன்றும் முடிந்துவிடவில்லை. அவற்றோடு இந்தக் கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் சின்னக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. நாளுக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வரும் ஊரில், குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் ஒரு பெண்ணுக்கு வாகனம் ஆடம்பரப் பொருள் அல்ல. கிளினிக்கிற்குப் போவதும், மாலை வகுப்புக்குப் போன மகளை இருட்டுமுன் கூட்டி வருவதும், தைத்த உடுப்புகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

எமது பெண்கள் வாகனம் ஓடுவது ஒன்றும் புதிதல்ல. சைக்கிளில் தண்ணீர்க் கானையும் விறகையும் பிள்ளையையும் ஏற்றி இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். 'சாலி' என்று நாம் அழைத்த சின்ன ஹொண்டாவில் ஆசிரியைகள் பள்ளிக்கூடம் போனதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2009 இற்குப் பின்னர் 'ஸ்கூட்டி பெப்' வந்தது. அது இங்கே எவ்வளவு தூரம் பரவியது என்றால், இன்று எந்தக் கம்பனியின் கியர் இல்லாத வாகனத்தையும் நாம் 'ஸ்கூட்டி' என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் வாகனத்தைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் ஓடப்போகிறவர் அல்ல. அண்ணன் தெரிவுசெய்வார், இல்லாவிட்டால் மச்சான், அவர்களும் இல்லாவிட்டால் கடைக்காரர். நான் வேலைக்கென்று முதல் வாகனம் வாங்கப்போன நாளில் என் மாமா, "பிள்ளை, கொஞ்சம் பெரிசா எடு, அப்பதான் றோட்டிலை மதிப்பாங்கள்" என்றார். கடையில் நின்ற தம்பி புதிதாக வந்த நிறங்களைக் காட்டினார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் ஐந்தடி உயரம். ஆகவே நான் முதலில் செய்தது, ஒவ்வொன்றிலும் ஏறி இருந்து இரண்டு பாதங்களும் குதியோடு நிலத்தில் படுகின்றனவா என்று பார்த்ததுதான். பெருவிரல் மட்டும் முட்டினால் தார் வீதியில் சமாளிக்கலாம். கிரவலில் நிற்பாட்டும்போது கல் உருண்டால் வாகனம் நம்மையும் கொண்டு சாய்ந்துவிடும்.

அடுத்தது பாரம். ஸ்கூட்டி பெப் ஏறத்தாழ 95 கிலோ. ஹொண்டா டியோ நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும். 150 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று 140 கிலோவுக்கு மேல் போகும். இந்த இலக்கங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கடை முற்றத்தில் நடு ஸ்ராண்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்பக்கமாக உருட்டிப் பாருங்கள். ரயர் காற்றுப் போனால் ஆளில்லாத வீதியில் தனியே உருட்டப்போவது கடைக்காரர் அல்ல.

எமது வீதிகளைப் பற்றிச் சொல்லாமல் வாகனத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏ9 வீதியும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியும் கார்பெற் போட்டவை. அவற்றில் எந்த ஸ்கூட்டியும் ஓடும். ஆனால் வீடு இருப்பது அந்த வீதியில் அல்ல. அங்கிருந்து உள்ளே திரும்பினால் கிரவல், கிரவல் முடிந்தால் குளக்கட்டு, கடற்கரைப் பக்கமென்றால் மணல். பெப்பின் சில்லு பத்து அங்குலம். மோட்டார் சைக்கிளின் சில்லு பெரும்பாலும் பதினேழு அங்குலம். பெரிய சில்லு உருண்டு கடக்கும் குழிக்குள் சின்னச் சில்லு இறங்கி ஏறும். அந்த அடி கைக்கும் முதுகுக்கும் வரும். இப்போது வரும் ஸ்கூட்டிகள் சிலவற்றில் முன்சில்லு பன்னிரண்டு அங்குலம். இரண்டு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மழைக்குப் பின் காய்ந்த, மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் ஓடிய தடத்தில் ஒருமுறை ஓடிப்பார்த்தால் தெரியும்.

அப்படியென்றால் மோட்டார் சைக்கிளே நல்லதல்லவா? வீதியை மட்டும் பார்த்தால் ஆம். நான் இரண்டையும் ஓடியிருக்கிறேன். வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். பயமில்லாமல் கியர் போடக்கூடியவருக்கும், காற்சட்டையோ சுடிதாரோ போட்டு ஓடுகிறவருக்கும் நான் அதையே சொல்வேன். ஆனால் ஸ்கூட்டியில் காலடியில் இடம் இருக்கிறது. அரிசிப் பை, கோழித் தீவனம், தையல் மெசினின் தலை எல்லாம் அங்கே போகும். சேலையோடும் ஏறலாம். நான் ஸ்கூட்டியைத் தெரிவுசெய்தது கோப்புகள் நிறைந்த பையை வைக்க அந்த இடம் வேண்டுமென்பதால்தான். குழிகளுக்கு மெதுவாகப் போகிறேன், அவ்வளவுதான்.

காயம்பட்ட சகோதரிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். காலுக்குள் செல் துண்டோடு வாழ்கிறவர்கள் எம்மில் பலர். மோட்டார் சைக்கிளில் இடது கால் கியர் போட வேண்டும், வலது கால் பின் பிறேக்கை மிதிக்க வேண்டும். ஸ்கூட்டியில் இரண்டு பிறேக்கும் கையில் இருக்கின்றன. ஆகவே கால் பலமில்லாதவருக்கு ஸ்கூட்டி பொருந்தும், ஆனால் நிற்பாட்டும்போது ஊன்ற ஒரு கால் கட்டாயம் வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்குப் பின்னால் துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டி இருக்கிறது. இடது கை விரல்கள் இயங்காத ஒருவர் என்னிடம் கேட்டபோது, பழைய ஹொண்டா சி-90 ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். அதில் கிளச் பிடி கிடையாது. முன் பிறேக் வலது கையில், பின் பிறேக் வலது காலில். சிலவேளை பழைய வாகனமே ஒருவரின் உடம்புக்குச் சரியாக இருக்கும். எதுவானாலும் அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் காயத்தை மறைக்க வேண்டாம்.

அனுமதிப்பத்திரம் என்றதும் இன்னொரு விடயம். நூறு சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. பெப் 87.8 சிசி. டியோ 109 சிசி. ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு டியோ ஓடினால் விபத்து நேரத்தில் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். எனவே ட்ரயலுக்குப் போகும்போதே ஏ வகுப்புக்கு விண்ணப்பித்துவிடுவது புத்திசாலித்தனம். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். "எனக்குப் படிப்புக் காணாது" என்று பின்வாங்கிய பலர் வீட்டில் பிள்ளைகளோடு இருந்து கேள்விகளைப் படித்துச் சித்தியடைந்திருக்கிறார்கள்.

இனிப் பணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய ஸ்கூட்டியின் விலை, அது புதிதாக வந்தபோது இருந்த விலையையே தாண்டிப் போனது. அந்த நிலைமையில்தான் எமது பெண்கள் பலர் லீசிங்குக்குப் போனார்கள். லீசிங்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நுண்கடன்களால் எமது கிராமங்களில் நடந்தவற்றை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. நான் சொல்வது இதுதான்: தவணைப் பணத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பெற்றோல், எஞ்சின் ஒயில், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், ரயர் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த மொத்தத் தொகையை மூன்று மாதம் வாகனம் வாங்காமலே தனியே எடுத்து வையுங்கள். நெல் வெட்டு இல்லாத மாதமும், கடலுக்குப் போக முடியாத மாதமும் அந்த மூன்றுக்குள் வரட்டும். வைக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் சேர்ந்த காசு உங்களிடம் இருக்கிறது, வாகனத்தை இழுத்துக்கொண்டு போக ஒருவரும் படலைக்கு வரமாட்டார்கள்.

சைக்கிளை விற்க வேண்டாம். 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர்தான் முதலில் கிடைத்தது. அந்த மாதங்களில் சைக்கிள் வைத்திருந்தவர்தான் தடையில்லாமல் வேலைக்குப் போனார்.

பழைய வாகனம் எடுப்பவர்கள் விடிய நேரத்தோடு போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்ப் அடிக்கிறதா, கிக்கரிலும் ஸ்ரார்ட் ஆகிறதா என்று பாருங்கள். வாங்கும் நாளில் விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, செலவு காத்திருக்கிறது. கிரவலில் ஓடியதென்றால் எயார் பில்ரரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். செம்மண் தூசி அடைந்திருந்தால் அதை வைத்திருந்தவர் எப்படிப் பராமரித்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வெள்ளத்துக்குள் ஓடியதா என்றும் கேளுங்கள். ஸ்கூட்டியின் பெல்ற் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் உறுமும், சில்லு இழுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கணவனை இழந்த ஒரு சகோதரி வீட்டுத் தோட்டத்திலும் தையலிலும் உழைத்த காசில் ஸ்கூட்டி வாங்கினார். அலைச்சலைத் தவிர்க்கலாம் என்று அதைக் கணவனின் தம்பியின் பெயரில் பதிந்தார்கள். இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. தம்பிக்குக் கல்யாணம் சரிவந்ததும் ஸ்கூட்டி அவரோடு போய்விட்டது. "அவற்றை பேரிலைதானே அக்கா இருக்கு, நான் என்னெண்டு கேக்கிறது?" என்றார். பெயர் மாற்றத்துக்கு ஒரு நாள் அலைச்சல்தான். கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தோடு பெயர் மாற்றாமல் வாகனத்தை வைத்திருப்பதும் அதே ஆபத்துத்தான்.

வாங்கிய பின் முதல் மாதம் பிள்ளையை ஏற்ற வேண்டாம். பாடசாலை மைதானத்திலோ அறுவடை முடிந்த வெளியிலோ பழகுங்கள். கிரவலில் முன் பிறேக்கை மட்டும் இறுக்கினால் முன்சில்லு வழுக்கும். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்கப் பழக வேண்டும். குளக்கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் ஓரத்தில் நின்று வழிவிடுங்கள், அதில் வெட்கம் இல்லை. தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். பிள்ளையைக் காலடியில் நிற்க வைத்து ஓடுவது எமது ஊர்களில் வழக்கம், ஆனால் திடீர்ப் பிறேக்கில் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளையின் முகம்தான். யானை நடமாடும் பக்கங்களில் இருப்பவர்கள் இருட்டுமுன் வீடு வந்து சேருங்கள். முன் லைற் மங்கலான வாகனத்தை அந்தப் பக்கங்களுக்கு வாங்கவே வேண்டாம்.

சமூகவியல் படித்த காலத்தில் பெண்களின் நடமாட்டம் பற்றி நிறைய வாசித்தேன். அதில் எல்லாப் பயணத்துக்கும் ஒரு தேவை இருந்தது: வேலை, சந்தை, ஆஸ்பத்திரி. ஊரும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. கையில் பையோ பின்னால் பிள்ளையோ இல்லாமல் ஒரு பெண் ஸ்கூட்டியில் போனால், எங்கே போகிறாள் என்று படலைகளில் கேள்வி எழும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், ஞாயிறு பின்னேரங்களில் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிறார். தனியே போய், ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வருவார். போகும் வழியில் வட்டுவாகல். 2009 மே மாதத்தில் கையில் கிடைத்ததோடு சனம் நடந்து கடந்த அதே இடம், அவரும் அதில் நடந்தவர். முதல் இரண்டு தடவையும் அவ்விடத்தில் நிற்பாட்டி அழுதாராம். இப்போது நிற்பாட்டுவதில்லை. "ஏன் அக்கா போறனீங்கள்?" என்று கேட்டேன். "சும்மாதான் பிள்ளை. எனக்கு விருப்பமா இருக்கு" என்றார்.

போன மாதம் அவர் என்னிடம் கேட்டது, கடற்கரை மணலில் சில்லுப் புதையாமல் இருக்க ரயர் காற்றைக் குறைக்கலாமா என்று. கொஞ்சம் குறைக்கலாம். திரும்பத் தார் வீதிக்கு ஏறியதும் அடித்துவிட வேண்டும், காற்றுக் குறைந்த ரயரோடு வேகமாக ஓடினால் வளைவில் வாகனம் ஆடும். அதற்காக அவர் இப்போது காலால் மிதிக்கும் சின்னப் பம் ஒன்றைக் காலடியில் கட்டிக்கொண்டு போகிறார்.