இடித்த வீட்டின் மரங்கள்

ஒரு வீட்டை இடித்தால் எஞ்சுவது குப்பையா, பொருளா? இதற்கான விடை பெரும்பாலும் அவ்வீட்டைக் கட்டிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இணைத்திருக்கிறது. அச்சாந்து செங்கல்லைவிட மென்மையானது. ஆதலால் உளிகொண்டு தட்டினால் கல் சிதையாமல் கழன்று வரும். சிமெண்டோ இறுகப் பற்றிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் கல்தான் உடையும். உறுதி, உறுதி என்று நாம் எழுப்பும் வீடுகள் நம் பேரர்க்கு ஒரு செங்கல்லையேனும் முழுதாகத் தருமா என்பது ஐயமே.

என் பெற்றோர் பால்மரம் வெட்டிய தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டபோது, ஒப்பந்தக்காரரிடம் விலை பேசி எங்கள் வீட்டுத் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கினேன். அனைத்தும் செங்கால் மரம். இலக்கியம் பயின்றோர்க்கு இப்பெயர் நாரையை நினைவூட்டக்கூடும். இதுவோ மலாய்ச் சொல். தீபகற்பக் காடுகளில் மெல்ல வளரும் கனமரம். கறையான் எளிதில் அண்டாது. துளையும் கழுந்துமாகப் பொருத்தி மரமுளை அடித்திருந்தமையால், தூண்கள் முறியாமல் பிரிந்து வந்தன. கூரையின் கல்நார்த் தகடுகளை மட்டும் நாங்கள் தொடவில்லை. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழையதெல்லாம் பயன்படும் என்று எண்ணிவிடலாகாது.

தச்சர் முதலில் எடுத்தது வாளன்று, காந்தம். பலகைகளுள் மறைந்திருக்கும் ஓர் ஆணி போதும், இழைப்பு இயந்திரத்தின் அலகைக் கெடுக்க. ஆணி பிடுங்குவதிலேயே இரண்டு நாள் கழிந்தது. பழைய மரம் மலிவு என்பார் கூற்றை நான் ஒப்புவதில்லை. கூலியையும் சேர்த்தால் புதுமரத்தின் விலையை நெருங்கிவிட்டது. ஆயினும் காட்டில் இன்னொரு செங்கால் வீழவில்லை.

அம்மாவுக்கு இது உவப்பாக இல்லை. “இந்த லயத்தை விட்டு நீங்கள் வெளியேற வேண்டுமென்றுதானே உங்கப்பா பாடுபட்டார்? அதையே நடுவீட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறாயே!” என்றார். அதில் நியாயம் இருந்தது. வறுமையின் சின்னத்தை அழகுப் பொருளாக்குவது, அதன் பளுவைச் சுமக்காதவர்க்கே எளிது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் விடியுமுன் விளக்கோடு மரம் வெட்டப் போனவர் அவர்.

ஆகவே தூண்களைக் கூடத்தில் நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். அவற்றை அறுத்துப் பின்கட்டுச் சமையலறைக்கு நிலையும் சன்னற்சட்டமும் செய்தோம். வேலை முடிந்த அன்று, வண்ணம் பூசலாமா என்று தச்சர் என்னைக் கேட்டார்.

“வேண்டாம், எண்ணெய் மட்டும் தடவுங்கள்” என்று உள்ளிருந்து அம்மா விடையிறுத்தார்.