ஐந்தரை இலட்சத்தின் பூர்வீகம்

2013இல் கிளிநொச்சிப் பக்கம் எந்த ஒழுங்கையால் போனாலும் வளவுக்குள் கல் அரிந்துகொண்டிருப்பார்கள். கணவனை இழந்த ஓர் அக்கா, மணலும் சீமெந்தும் குழைத்து அச்சில் அடித்துக் கவிழ்த்தபடியே, குசினி யன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் வரவேண்டும் என்று மேசனோடு வாதாடிக்கொண்டிருந்தார். இந்திய வீட்டுத்திட்டம் அவருக்குத் தந்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற அவருடைய வங்கிக் கணக்குக்கே காசு வந்தது. நடுவில் கொந்தராத்துக்காரர் இல்லை. அரச வீடு என்றால் கட்டி முடித்துத் திறப்பைத் தருவதுதானே வழக்கம்? இந்த முறை எங்கே தொடங்கியது என்று தேடினேன்.

அந்தத் திட்டத்தை நடத்திய நான்கு அமைப்புகளில் ஐ.நா. ஹபிட்டாட்டும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் இருந்தன. அவற்றின் பழைய வேலைகளைத் தொடர்ந்து போனபோது சுனாமி வீடுகள் வந்தன. அதற்கும் முன்னே கொழும்பு. அன்றைய பிரதமர் பிரேமதாசவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம், 1984. அரசே கட்டிக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று கண்ட பிறகு வந்தது அது. கட்டுவது மக்கள், சிறு கடனும் காணியும் ஆலோசனையும் தந்து துணை நிற்பது அதிகார சபை.

கொழும்பின் நெருக்கக் குடியிருப்புகளில் நடந்ததுதான் என்னை அசர வைத்தது. அங்கே சமூக அபிவிருத்தி மன்றங்கள் இருந்தன. அதிகாரிகளும் குடியிருப்போரும் இரண்டு நாள் ஒன்றாக இருந்து, எது முதலில் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்: கிணறா, வாய்க்காலா, மலசலகூடமா? நகரச் சட்டம் ஒரு வீட்டுக்கு ஆறு பேர்ச் காணியாவது கேட்டது. இங்கே இரண்டு பேர்ச்சுக்கு இணங்கினார்கள். ஒழுங்கையின் அகலத்தையும் அடுத்த வீட்டுச் சுவருக்கு விடவேண்டிய இடத்தையும் அயலவரே கூடிப் பேசி விதியாக்கினார்கள். கிணறு கட்டும் ஒப்பந்தத்தையே வெளியாருக்குக் கொடுக்காமல் மன்றத்துக்குக் கொடுத்தார்கள். மிஞ்சிய இலாபம் மன்றத்தின் நிதிக்குப் போனது. தன் பிள்ளை குடிக்கும் கிணற்றில் யார் சீமெந்தைக் குறைப்பார்?

இந்தச் சிந்தனையின் வேரைப் பெருவில் வேலை செய்த ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜோன் டேர்னர் வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. 1976இல் வந்த அவருடைய நூலும் வீட்டைப் பற்றிய முடிவு அதில் வாழ்பவருடையது என்றுதான் வாதிட்டது. ஆனாலும் சட்டத்தையே வளைத்து, வேலையையும் காசையும் மக்கள் கையில் கொடுத்தவர்கள் கொழும்பின் அந்த அதிகாரிகள். அவர்களுக்குத்தான் என் மரியாதை.

ஆனால் கிளிநொச்சி இருக்கும் வன்னியில் எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. சீமெந்தும் மணலும் விலை ஏற, ஐந்தரை இலட்சம் பலருக்குக் காணவில்லை. நகை அடகுக்குப் போனது, கடன் ஏறியது. தனியே குடும்பம் நடத்திய பெண்களுக்கு அது பெரும் சுமை. பொறுப்பைக் கொடுப்பவர்கள் போதிய காசையும் கொடுக்க வேண்டும்.

2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தர அரசு முன்வந்தது. வெயிலுக்குள் எப்படி இருப்பது, அத்திவாரம் எங்கே, விறகடுப்பை எங்கே வைப்பது, இந்தக் காசுக்கு எத்தனை கல்வீடு எழுப்பலாம் என்று கேள்விகள் வந்தன. கல் அரிந்து கட்டிய ஊர்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது.