குரங்கைவிட எலி நெருக்கமா?

மனித உடலைப் புரிந்துகொள்ள விலங்கைத் தேடும்போது குரங்குதான் முதலில் நினைவுக்கு வரும். குரங்கு நமக்குச் சொந்தம், எலி எங்கோ தூரத்து உறவு என்பது பொதுவான கணக்கு. ஆனால் பிரேசிலின் வடகிழக்கில் மரத்துப் பிசினைச் சுரண்டித் தின்னும் மார்மோசெட் என்ற குட்டிக் குரங்கையும், எகிப்தின் வறண்ட பாறைப் பகுதிகளில் வாழும் முள்மயிர்ச் சுண்டெலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. மார்மோசெட்டின் சூல் சுழற்சி ஏறக்குறைய 28 நாள், நம்முடையதைப் போலவே. ஆனால் அதற்கு மாதவிடாய் வருவதில்லை. சுண்டெலிக்கு வருகிறது: சுமார் 9 நாள் சுழற்சியில் சுமார் 3 நாள் உதிரப்போக்கு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதை வெளியிட்டார்கள்.

இது தற்செயல்தானே, தனியாகத் தோன்றிய பண்பைக் கொண்டு உறவு கொண்டாடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இது பரம்பரையாக வந்த ஒற்றுமை அல்ல. ஆனால் இயங்கும் விதத்தைக் கவனியுங்கள். சாதாரண எலியில், கரு வந்து ஒட்டிய பிறகே கருப்பையின் உட்சுவர் அதைத் தாங்கும் திசுவாக மாறுகிறது. நம்மிடமும் இந்தச் சுண்டெலியிடமும் கரு வருவதற்கு முன்பே அந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. கரு வராதபோது உட்சுவர் உதிர்கிறது. மாதவிடாய்க் கோளாறை ஆராய்பவருக்கு வேண்டியது இந்த இயக்கம், வம்சாவளி அல்ல.

அப்படியானால் குரங்கு எதற்கும் உதவாதா? அப்படியும் இல்லை. மார்மோசெட் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். அவற்றைத் தகப்பனும் மூத்த பிள்ளைகளும் முதுகில் சுமக்கிறார்கள். இலைகளுக்குப் பின்னால் மார்மோசெட்டுகள் ஒன்றையொன்று காணாதபோது, ஒன்று கூவி முடிக்கும்வரை மற்றது பொறுத்திருந்து பதில் தருகிறது. கூட்டு வளர்ப்பையும் பேச்சின் முறைமாற்றத்தையும் அறிய இதைவிட நல்ல துணை அரிது. ஒரு விலங்கு நம்மிடமிருந்து முற்றிலும் மாறுபட்டிருப்பதுகூடப் பாடமாகும். ஆப்பிரிக்க முள்மயிர்ச் சுண்டெலிகளின் தோல் எளிதில் கிழியும். பிறகு மயிர்க்கால்களோடு புதிதாக வளரும். 2012-இல் ஆய்வாக வெளியிடப்பட்ட இந்த ஆற்றல் நமக்கும் இல்லை, மார்மோசெட்டுக்கும் இல்லை. ஆகவே சொந்தத்தை மட்டும் பார்த்து விலங்கைத் தேர்ந்தெடுத்தால் விடையும் தவறலாம், குடும்பமாக வாழும் குரங்கும் வீணாகக் கூண்டில் அடைபடலாம். கேள்வி எது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதன்பிறகே விலங்கைத் தேட வேண்டும்.