டெங்காலி என்னும் பாடபேதம்

வேதாளனின் வலக்கையில் மண்டையோட்டு மோதிரம். இடக்கையில் நன்மைக்குறி மோதிரம். முன்னது தீயவரின் தாடையில் பதிவது. பின்னது காப்புக்குரியவர்க்கு அடையாளமாக அளிக்கப்படுவது. இதயத்துக்கு அண்மையில் இருப்பதால் அது இடக்கைக்கு உரியது என்பது கதையுலகின் விளக்கம். லீ ஃபாக் 1936ஆம் ஆண்டு தொடங்கிய இச்சித்திரத் தொடரைத் தலைமுறைகளாகப் படித்தவர்களுக்கு இந்தச் சிறு விதி மனப்பாடம். அச்சகத்தில் பக்க அமைப்பின் வசதிக்காக ஒரு கட்டத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டிவிட்டால், மோதிரங்கள் கைமாறிவிடும். கதை மாறாது, உரையாடல் மாறாது. ஆயினும் கூர்ந்து நோக்கும் வாசகர், அக்கட்டத்தில் ஓவியரல்லாத வேறொரு கை புகுந்திருப்பதை உணர்ந்துவிடுவார். படக்கதையில் தொடர்ச்சியைப் பார்ப்பது என்பது இதுதான்: ஒரு பனுவலின்மீது எத்தனை கைகள் பட்டன என எண்ணுவது.

புனேயின் தென்கிழக்கே கோந்த்வாவில் வாடகை வீடொன்றில் வசிக்கும் தமிழ் ஆய்வு மாணவி ஒருவர் சில ஆண்டுகளாக இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். கோந்த்வா என்பதே ஓர் ஊரன்று. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என இரண்டு. ஒரே பெயரைச் சிறியது, பெரியது என இரு வடிவங்களில் வழங்கும் மராத்திய மரபு அது. அவருடைய மேசையிலும் ஒரே கதை பல வடிவங்களில் கிடக்கிறது: அமெரிக்க நாளிதழ்த் தொடரின் மறுபதிப்பு, அதே கதையின் இந்திரஜால் ஆங்கில இதழ், பழைய தாள் கடைகளில் எடைக்கு வாங்கிய இந்தி, மராத்தி இதழ்கள், விருதுநகரிலிருந்து தந்தை கட்டி அனுப்பிய தமிழ்ப் படக்கதைகள். ஆய்வேட்டின் முன்வரைவைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், இது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு. இதில் ஆய்வு எங்கே என்று வினவினார். நேர்மையான வினா அது. நேர்மையான விடையும் அதற்கு வேண்டியிருந்தது.

விடையின் முதற்பகுதி புனேயிலேயே இருக்கிறது. 1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதச் செம்பதிப்புப் பணியைத் தொடங்கி 1966இல் நிறைவு செய்தது. வி. எஸ். சுக்தாங்கரின் தலைமையில் வகுக்கப்பட்ட நெறி எளிமையானது, கடுமையானது: சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிடுக, வேறுபாடு ஒன்றையும் அற்பமென விலக்காதே, ஏற்ற பாடத்தை மேலே தருக, விலக்கிய பாடங்களைக் கீழே தருக. தமிழில் உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னும் இத்தகைய உழைப்பே இருந்தது. ஆய்வு மாணவி செய்வதும் பாடபேதம் பார்ப்பதே. ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் தொலைந்துபோன மூலத்தை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறார். படக்கதையிலோ மூலம் நாளும் கிழமையுமாகக் கையிலேயே இருக்கிறது. ஆகவே இங்கு ஆய்வுப்பொருள் மேலே நிற்கும் மூலமன்று. அடிக்குறிப்புக்குள் ஒதுக்கப்படும் பேதங்களே.

அப்பேதங்களில் தலையாயது ஓர் ஊர்ப்பெயர். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. முதல் இதழே வேதாளனின் கச்சை பற்றிய கதை. ஃபாக்கின் தொடரில் வேதாளனின் காடு இருக்கும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுவது. பெங்காலி எனவும் பங்கல்லா எனவும் அது வழங்கியது. இந்திய இதழில் அது டெங்காலி ஆயிற்று. வேதாள மரபின் தீராப் பகைவரான கடற்கொள்ளையர் மூலத்தில் சிங் கூட்டத்தார். இந்திய இதழில் சிங்கா கூட்டத்தார். வேதாளனின் தந்தையைக் கொன்றவன் மூலத்தில் ராமா, இங்கு ராமாலு. ஒவ்வொன்றிலும் மாறியது ஓரிரு எழுத்துகளே. ஆனால் அவ்வெழுத்துகள் எங்கே விழுந்தன என்பதைக் காண வேண்டும். ஒரு மாநிலத்தின் பெயர், கோடிக்கணக்கானோர் தாங்கும் குடும்பப்பெயர், ஒரு தெய்வத்தின் பெயர் — இம்மூன்றும் வில்லன் தரப்பிலிருந்தோ விந்தைக் காட்டிலிருந்தோ விடுவிக்கப்பட்டன. கடற்கொள்ளையனின் பெயரில் பக்கத்து வீட்டுக்காரரைக் காணும் சங்கடம் இந்தியச் சிறுவனுக்கு நேராதபடி எவரோ ஒருவர் கத்தியும் பசையும் கொண்டு காத்திருக்கிறார். அவரது பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

எல்லாப் பேதத்தையும் இவ்வாறு பொருள்படுத்துவது ஆபத்து. மலிவுத்தாளில் நான்கு வண்ணம் அச்சிடும்போது வண்ணம் கோட்டைத் தாண்டி வழியும். முகமூடியின் நிறம் கன்னத்தில் ஏறும். அதில் கருத்தியலைத் தேடுவது வீண். வேதாளனின் உடைநிறமே அச்சின் விளைவுதான். ஃபாக் மனத்தில் கொண்டது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு வண்ணப்பக்கம் தொடங்கியபோது அச்சில் வந்தது ஊதா. இத்தாலியில் அவன் சிவப்பு, ஸ்காண்டிநேவியாவில் நீலம். தற்செயலையும் முடிவையும் பிரித்தறிய ஆய்வு மாணவி கைக்கொண்ட விதி ஒன்று: ஒருமுறை நேர்வது அச்சகத்தின் பிழை; இதழ்தோறும் ஒரே வடிவில் நேர்வது ஆசிரியக்குழுவின் தீர்மானம். புனேயில் வாழ்ந்த டி. டி. கோசாம்பி, முத்திரை பொறித்த பழங்காசுகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தவர். தனியொரு காசின் எடைக்குறைவு எதையும் சொல்லாது. புதையலின் காசுகள் அனைத்தும் சேர்ந்து காட்டும் தேய்வே புழக்கத்தின் காலத்தைச் சொல்லும் என்பது அவரது கணிதம். டெங்காலி அத்தகைய தேய்வு.

தமிழ்ப் பிரதிகளிடம் வரும்போது சிக்கல் வேறு உருக்கொள்கிறது. இங்கு பெயர் ஒன்றாகவும் ஆள் இருவராகவும் நிற்கின்றனர். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962இல் தோன்றிய லூயிஸ் கிராண்டேல்தான் அந்த மாயாவி. விபத்தில் வலக்கை இழந்து எஃகுக்கை பூண்டவன். உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் எஃகுக்கை தவிர உடல் முழுதும் மறையும். பின்னர் 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், லீ ஃபாக்கின் வேதாளனை முகமூடி வீரர் மாயாவி என்று அறிமுகப்படுத்தியது. முத்து காமிக்ஸிலோ அதே வீரர் வேதாளர். ஆக, தமிழில் ஒரு வீரனுக்கு இரு பெயர். ஒரு பெயருக்கு இரு வீரர்.

இதைப் பிழையென அட்டவணையில் குறித்துவைத்திருந்த ஆய்வு மாணவியைத் தொலைபேசியில் திருத்தியவர் அவருடைய தந்தை. "மாயாவின்னா இரும்புக்கைதாம்மா. ராணியில வந்தவரையும் மாயாவின்னுதான் போட்டிருப்பான். ஆனா எங்களுக்கு ஒருநாளும் குழம்புனதில்ல. அட்டையப் பாத்தாலே தெரியும்ல, கை தெரியுதா, முகமூடி தெரியுதான்னு." அந்த விடை ஆய்வேட்டின் ஓர் இயலையே மாற்றியமைத்தது. பெயர் பிறழ்ந்த இடத்தில் தொடர்ச்சியைக் காத்தது படம். ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் மாயாவி மறைந்தபின் எஞ்சுவது கை ஒன்றே. கதவுப் பிடியின் மீதோ துப்பாக்கியின் மீதோ அது எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டே காணாத உடல் நிற்கிறதா, குனிகிறதா, ஓடுகிறதா என வாசகர் கட்டிக்கொள்ள வேண்டும். கைவிரல்களைப் படித்து உடலை எழுப்பப் பழகிய சிறுவர்க்கு, பெயர்ப்பலகையின் குழப்பம் பொருட்டாக இருந்திருக்க முடியாது. நுண்வாசிப்பு பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்னும் எண்ணத்தை விருதுநகரின் வாடகைப் புத்தகக் கடை வாசலில் நின்ற சிறுவர்கள் அப்போதே பொய்யாக்கியிருந்தனர்.

பெயர்ப்பலகையே பொருள் தரும் இடமும் உண்டு. வேதாளம் என்றதும் தமிழர் நினைப்பது விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் கதைசொல்லிப் பிணத்தை. மீண்டும் மீண்டும் முருங்கை மரம் ஏறும் பிடிவாதத்துக்கு அது பழமொழி. மராத்திய நிலத்திலோ வேதாளம் ஊர்க்காவல் தெய்வம். புனே நகரின் மேற்கே, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், நகரின் மிக உயர்ந்த இடமாக நிற்பது வேதாள் குன்று. உச்சியில் அத்தெய்வத்தின் கோயில். ஆங்கிலத்தில் வெறும் ஆவியுருவைச் சுட்டிய பெயர், இந்தியிலும் மராத்தியிலும் வேதாளமானபோது, மண்டையோட்டுக் குகையில் அமர்ந்து காட்டைக் காக்கும் முகமூடி மனிதனுக்கு ஊரெல்லையில் காவலிருக்கும் ஒரு தெய்வத்தின் சாயலும் வந்து சேர்ந்தது. தமிழில் அதே பெயர் காவலை நினைவூட்டவில்லை, சாகாமையை நினைவூட்டியது. எத்தனை முறை இறக்கினாலும் மரத்தில் ஏறிக்கொள்ளும் வேதாளமும், தந்தை மாண்டால் மகன் முகமூடி அணிய 21 தலைமுறையாகச் சாகாமல் தொடரும் வேதாளனும் ஒரே தருக்கத்தில் இயங்குபவர்கள். மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் எண்ணியிருக்க வேண்டியதில்லை. சொல் தன் ஊரை உடன் அழைத்து வந்துவிடும்.

இந்திய இதழ்களின் அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் இடையே மற்றொரு தொடர்ச்சிப் பிளவு உண்டு. உள்ளே ரே மூர், வில்சன் மெக்காய், 1961க்குப் பின் சை பேரி ஆகியோரின் கோடுகள். தொடக்கக்கால அட்டைகளில் பி. கோவிந்தின் தூரிகை. வெளியே இந்தியக் கை, உள்ளே அமெரிக்கக் கை. 1976இல் ஆபித் சுர்த்தி படைத்த பகதூருக்குக் கோவிந்தே உள்பக்கமும் வரைந்தபோதுதான் அட்டையும் கதையும் ஒரே கையில் கூடின. பகதூரின் உடையைப் பார்த்தாலே அவன் நின்ற காலம் தெரியும்: மேலே காவி நிறக் குர்த்தா, கீழே ஜீன்ஸ். இந்தியப் பெயர்களை வில்லன்களிடமிருந்து அகற்றத் தொடங்கிய இதழ், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியப் பெயரை நாயகனுக்குச் சூட்டியது. முதற்செயல் தற்காப்பு, இரண்டாவது தன்மதிப்பு.

இவ்விடத்தில் ஆய்வேடு முடிந்திருந்தால் அது இனிய தேசியக் கதையாக முடிந்திருக்கும். முடியவிடாமல் தடுத்தது ஒரு சொல். வேதாளனின் நெருங்கிய நண்பர்களான காட்டுக் குள்ளர் இனத்தின் பெயர் பாந்தர். இந்தி அறிந்த எவர் செவியிலும் அது குரங்கு என்றே விழும். ஃபாக் இளமையில் விரும்பிப் படித்த கிப்ளிங்கின் கானகக் கதைகளில் குரங்குக் கூட்டத்துக்கு வழங்கும் பெயரோடு ஒட்டுவது அது. தொடக்கக்காலக் கதைகள் ஆசியச் சாயலுள்ள நிலத்தில் நடந்தன. காலப்போக்கில் களம் ஆப்பிரிக்காவாக நிலைபெற்றது. 1960களில் அந்நாட்டுக்கு லுவாகா என்னும் கறுப்பினக் குடியரசுத் தலைவரும் வந்தார். பெயர் மட்டும் போகவில்லை. இந்திரஜால் ஆங்கில இதழ்களிலும் அது அப்படியே நின்றது. சிங் என்பதில் ஓர் எழுத்தைக் கூட்டத் தோன்றிய அதே மேசையில், ராமாவுக்கு ஓர் எழுத்து சேர்க்கத் தோன்றிய அதே மேசையில், குரங்கு என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கிய மனிதர்களுக்காக எவரும் கத்தியை எடுக்கவில்லை.

இதை அந்நாளைய ஆசிரியக்குழுவின் குற்றமாக மட்டும் எழுதிவிடுவது எளிது, நியாயமன்று. பல இலட்சம் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் அதைப் படித்தனர். இந்தி அறிந்தவர்களுக்கு அதன் பொருளும் புரிந்திருக்கும். ஆயினும் அப்பெயர் மாறவில்லை. தன்மேல் பட்ட கீறலை உடனே காணும் கண், அருகிலிருப்பவர் மேல் பட்ட கீறலைக் காணாமல் போவதற்கு இதைவிடத் துல்லியமான சான்று ஆவணக் காப்பகங்களில் கிடைப்பது அரிது. மதிப்பீட்டாளரின் வினாவுக்கு விடையின் இரண்டாம் பகுதி இதுவே. மாற்றங்களைப் பட்டியலிடுவது சேகரிப்பாளருக்கும் இயலும். மாறாதவற்றையும் அதே பட்டியலில் ஏற்றி, ஏன் மாறவில்லை என்று கேட்கும்போது ஆய்வு தொடங்குகிறது.

அந்த இதழ்களின் தாள் பழுப்பேறி விளிம்பில் உதிர்கிறது. பொது நூலகங்கள் இவற்றைச் சேர்த்து வைத்ததில்லை. எடைக்குப் போட்டவை போக எஞ்சியவை தனிமனிதரின் பெட்டிகளில் உள்ளன. ஆகவே கோந்த்வா வீட்டின் மேசையில் ஒப்பீட்டுப் பணி அவசரமாகவே நடக்கிறது. அட்டவணையில் மூன்று நெடுவரிசைகள்: மூலம், இந்தியப் பதிப்பு, மாற்றம். பெங்காலிக்கு எதிரே டெங்காலி, சிங்குக்கு எதிரே சிங்கா, ராமாவுக்கு எதிரே ராமாலு எனப் பக்கங்கள் நிரம்பியுள்ளன. பாந்தர் என்னும் வரியின் மூன்றாம் கட்டத்தில் ஆய்வு மாணவி முதலில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். இப்போது அதில் "மாற்றமில்லை" என்று எழுதி, அந்த வரியை அட்டவணையின் தலைக்கு ஏற்றியிருக்கிறார்.