சாயப்பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம்

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில் சங்ககிரியைத் தாண்டிச் சென்றால் குமாரபாளையம் வரும். காவிரிக்கு இந்தக் கரை குமாரபாளையம். பாலத்தைக் கடந்தால் அந்தக் கரை பவானி. கூடுதுறையில் நீராடி, சங்கமேஸ்வரரைத் தரிசித்து, பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். இக்கரைக்கு ஊர் பார்க்க என்று யாரும் வருவதில்லை. ஆனால், "விஞ்ஞானம்னா என்னம்மா?" என்று கேட்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவர, இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

1997இல் நாமக்கல் மாவட்டம் பிரிவதற்கு முன் இது சேலம் மாவட்டத்து ஊர். லுங்கி, துண்டு என்று எந்நேரமும் ஏதாவது நெய்துகொண்டே இருக்கும் விசைத்தறிகள். தறிக்கூடம் உள்ள தெருவில் உரக்கப் பேசினால்தான் காதில் விழும். மூங்கில்களில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல் சிட்டங்கள் காய்கின்றன. ஜவுளித் தொழில்நுட்பம், பொறியியல், மருந்தியல் என்று கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இருந்தாலும் நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது கல்லூரிக்கு அல்ல, ஒரு சாயப்பட்டறைக்கு.

மாஸ்டரின் பாடம்

பட்டறைக்குள் ஆவியும் சோடா நெடியும் முகத்தில் அடிக்கிறது. "பார்த்து வாங்கக்கா, தரை வழுக்கும்" என்று வரவேற்கிறார் சாயம் போடும் மாஸ்டர்.

"ஏனுங்க, இவ்வளவு உப்பு எதுக்குங்க?" என்று மூட்டைகளைக் காட்டிக் கேட்டேன்.

"உப்புப் போட்டாத்தானுங்க சாயம் தண்ணியை விட்டு நூலுக்குப் போகும். அப்புறமாத்தான் சோடா. சோடா போட்டாத்தான் சாயம் நூலைப் பிடிச்சுக்கும். அவசரப்பட்டு சோடாவை முன்னாடியே கொட்டினா, திட்டுத்திட்டாப் போயிரும். நூலும் போச்சு, காசும் போச்சு!"

இது சாதாரண விஷயமில்லை, சகோதரிகளே. பருத்தி நாரோடு ரசாயன முறையில் பிணைந்துகொள்ளும் இந்த வகைச் சாயத்தை இங்கிலாந்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இருவர் 1954இல் கண்டுபிடித்தார்கள். 1956இல் அது கடைக்கு வந்தது. அவர்கள் கண்ட உண்மையின் சாரமும் இதுதான்: காரம் சேர்ந்தால்தான் பிணைப்பு. நம் மாஸ்டருக்கு அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததையே தினமும் செய்கிறார்.

எப்படி என்கிறீர்களா? அவர் கையில் ஓரம் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிறு நூல் துண்டு ஒட்டியிருக்கிறது. அதன் கீழே நூல் எத்தனை கிலோ, சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்ற கணக்கு. நிறம் சரியாக வராவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றமாட்டார். ஒன்றை மட்டும் மாற்றி, சின்னச் சிட்டத்தில் போட்டுப் பார்த்து, மறுபடி எழுதிவைப்பார். "என் கைராசி"ன்னு சொல்லிக்கிட்டா ஆகாதுங்க, நாளைக்கு வேற ஆள் போட்டாலும் இதே நிறம் வரணும்" என்கிறார். விஞ்ஞானத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

எழுதாத பக்கம்

ஆனால் அந்த நோட்டில் ஒரு பக்கம் குறைகிறது. தொட்டிக்குள் போனது எல்லாம் எழுதியிருக்கிறது. தொட்டியை விட்டு வெளியே போனது எழுதவில்லை.

நாமே ஒரு கணக்குப் போடலாம். 100 கிலோ நூலுக்கு 1,000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிலோ உப்பு! சாயத்தில் பெரும்பங்கு நூலோடு போய்விடும். உப்போ நூலில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரோடுதான் போகிறது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டித் தண்ணீரில் இருப்பதோ 50,000. அந்த ஒரு தொட்டியை 500க்குக் கொண்டுவர, உப்பே இல்லாத தண்ணீர் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் கலக்க வேண்டும்!

கழிவுநீரின் நிறத்தை மட்டும் நீக்கிவிட்டால் பார்ப்பதற்குத் தெளிவாகிவிடும். உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரித்தெடுக்க சவ்வு வடிகட்டியும், ஆவியாக்கும் கருவியும் வேண்டும், செலவு அதிகம். அந்தச் செலவுக்கு அஞ்சி அனுமதியில்லாமல் நடந்த பட்டறைகளை அதிகாரிகள் இடித்த செய்திகள் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. வேலை போனால் அடுப்பு எரியாது. தண்ணீர் கெட்டால் உடம்பு தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன.

தறிக்கூடத்துப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: "தண்ணி சப்புன்னு உப்புக் கரிச்சா, நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிப்போம் கண்ணு." கிருமி சாகும், சரி. உப்பு? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், உப்பு குறையாது. படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும். அப்போதும் உப்பு போகாது. ஒவ்வொரு வைத்தியம் ஒவ்வொரு நோய்க்கு என்பதுபோல, ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதுவே ஒரு ரசாயனச் சோதனை. மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சலவை சோடா கரைத்த நீர் பட்டால் சிவக்கும்; எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். காரமா, புளிப்பா என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று பாட்டி சொல்வார். பாட்டியோடு வாதாட வேண்டாம். சாயம் போகும் பழைய துணியை இரண்டாக வெட்டுங்கள். ஒன்றை உப்புத் தண்ணீரிலும், மற்றதை வெறும் தண்ணீரிலும் ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே சோப்பில் துவைத்து, பக்கத்தில் பக்கத்தில் காயப்போடுங்கள். வித்தியாசம் இருந்தால் எழுதுங்கள்; இல்லாவிட்டாலும் எழுதுங்கள். "வெறும் தண்ணீர்த் துண்டு எதுக்கும்மா?" என்று பிள்ளை கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் எதையும் முடிவு கட்டக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரையும் பிடித்துவைத்த மழைத் தண்ணீரையும் ஒரே அளவில் இரண்டு கிண்ணங்களில் சிறுதீயில் வற்றவிடுங்கள். அடியில் படியும் வெள்ளைப் பொடி எதில் அதிகம் என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் இது கிருமியைக் காட்டாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். பாட்டிலில் எப்படிப் பிடித்துவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவுச் சீட்டைத் தூக்கி எறியாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் மறுபடி சோதித்து, பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

ஒரு தெருவில் பத்து வீட்டுப் பெண்கள் இப்படி இரண்டு வருடம் எழுதிவைத்தால், ஊராட்சியிலும் நகராட்சியிலும் போய், "தண்ணி சரியில்லீங்க" என்று முறையிட்டுவிட்டு வர வேண்டியதில்லை. எந்த மாதம், எந்தக் கிணறு, எவ்வளவு என்று நோட்டை விரித்துக் காட்டலாம். மாஸ்டர் எழுதாமல் விட்ட பக்கத்தை நாம் எழுதலாமே!